பாதி மாத்திரை

பிப்ரவரி 22, சனி

ரப்பர் மரம் கொழுந்து விட்டு, கொழுந்தில் தேன் ஊற ஆரம்பித்தாயிற்று. இந்த வருடத்தின் முதல் தேனை இன்று எடுத்தேன்.

சபையில் கொடுத்த டைரி புத்தாண்டிலிருந்து சும்மா கிடந்தது. "எழுதாத டைரிக்கு எதுக்குங்க உறையும் பூவும்?" என்று லில்லி குத்திக் காட்டிவிட்டாள். சரி, எழுதுகிறேன்.

புகை சரியாகப் பிடிக்கவில்லை. காது, கண்ணிமை, மணிக்கட்டு என்று நல்ல கொட்டு. இத்தனை வருடம் தேனீ வளர்த்தவனுக்குக் கொட்டு புதிதில்லை. இருந்தாலும் உடம்பு வலிக்கத்தான் செய்கிறது. தேன் எடுத்த அன்று குளித்துவிட்டுக் காய்ச்சல் மாத்திரை ஒன்றை உடைத்துப் பாதியை விழுங்குவது என் வழக்கம். மறுபாதி டைகருக்கு. இந்த நாய் தோட்டம் வரைக்கும் என் பின்னால் வந்து, தேனீப் பெட்டி வாசலில் மூக்கை வைத்துப் பார்க்கும். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். இவன் நாயல்லவா, வருடம் தவறாமல் போவான். மூக்கில் ஏறிய கொடுக்கை நகத்தால் பக்கவாட்டில் சுரண்டித் தள்ளினேன். கிள்ளி எடுத்தால் விஷப்பை நசுங்கி மிச்ச விஷமும் இறங்கிவிடும். பிறகு ஈரத்துணி, பழத்துக்குள் பொதிந்து பாதி மாத்திரை. ஆளுக்குப் பாதி. அவனும் தேன் வேலைக்காரன்தானே.

எங்கள் பூனை சிம்னி ஜன்னலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் மகன் ரெஜி நாலு வருடத்துக்கு முன் மழையில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்தான். கடலைமாவு தீர்ந்துவிட்டது, வாங்கி வா என்று லில்லிதான் கடைக்கு அனுப்பியிருந்தாள். "எனக்க வாயாலதான அனுப்பினேன்" என்று படுத்தவள் ஒரு வருடம் போல எழவேயில்லை. நான் சொன்னது, பாஸ்டர் சொன்னது எதுவும் ஏறவில்லை. ஒரு மழைநாளில் பூனைக்குட்டி ஒன்று அடுப்படிக்குள் வந்து, பழைய மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு கத்தியது. லில்லி எழுந்து போய் அதை விடுவித்தாள். அதற்குப் பால் காய்ச்சினாள். காய்ச்சிய கையோடு எனக்கும் ஒரு சாயா போட்டுத் தந்தாள். அந்தச் சாயாவை நான் அழுதுகொண்டே குடித்தேன். இந்த வீட்டில் அடுப்பு எரிவது சிம்னியால்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கண்ணிமை வீங்கி ஒற்றைக் கண்ணோடு கோயிலுக்குப் போனேன். லில்லிக்கு ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

தோட்டத்தில் தேனடைச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது போன். அடை நிறைய தேனீ. எடுக்காமல் விட்டேன். திரும்பத் திரும்ப அடித்ததால் ஒற்றைக் கையால் எடுத்தேன்.

"இஞ்ச பாருங்க, சிம்னிய ஈ குத்திட்டு. சுண்டுலயும் கையிலயும். எவ்வளவு நேரமா போன் அடிக்கேன்!"

"கொடுக்க எடுத்தியா?"

"நகத்தால தள்ளிட்டேன். மொனங்கிக்கிட்டுக் கெடக்கு. டைகருக்குக் குடுக்க மாதிரி பாதி மாத்திரை குடுக்கட்டா?"

"குடு, குடு. ஒண்ணும் ஆவாது. நான் தேன் எடுத்துக்கிட்டு நிக்கேன்."

வீட்டுக்கு வந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. தேன் சுற்றும் டிரம்மை நேற்றுக் கழுவாமல் பின்பக்கம் வைத்திருந்தேன். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். சிம்னி டிரம்மையே நக்கப் போயிருக்கிறது. அதே தேனை மொய்க்க வந்த தேனீயைக் கையால் தட்டி, வாயிலும் வாங்கியிருக்கிறது.

மாலையில் லில்லியின் மடியில் தூங்கியது. உதடு கொஞ்சம் வீக்கம். நாளைக்கு வடிந்துவிடும். இன்று தேன் நல்ல நிறம்.

மார்ச் 5, புதன்

சிம்னி போய்விட்டது.

காலையில் முகம் முழுக்க வீங்கியிருந்தது. கால்களும் வீங்கியிருந்தன. வாயில் எச்சில் வடிந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. லில்லி விடிந்ததும் மாத்திரையின் மறுபாதியையும் கொடுத்திருக்கிறாள். "விஷம் ஏறிட்டுங்க, சீக்கிரம் கொண்டுபோங்க" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கூடையில் துணி விரித்து வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா வெளியூர்க்காரி, சின்ன வயது. சிம்னியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு கருப்பட்டி நிறத்தில் இருந்தது. தேனீ கொட்டியதைச் சொன்னேன்.

"வேற என்ன குடுத்தீங்க?"

"காய்ச்சல் மாத்திரை. பாதி பாதியா ரெண்டு தடவை."

அவர் கை அப்படியே நின்றது. "பூனைக்கா? யாரு குடுக்கச் சொன்னது?"

"வீட்டுல குடுத்துட்டா. தெரியாம."

"ஐயா, தேனீ கொட்டுனா வீங்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். கொட்டுன கொஞ்ச நேரத்துல வாந்தி எடுக்குது, மயங்கி விழுது, மூச்சு முட்டுதுன்னா அது ஆபத்து, உடனே தூக்கிட்டு ஓடி வரணும். உங்க பூனைக்கு நேத்து அப்படி ஒண்ணும் இல்லையே. இது மாத்திரை செஞ்ச வேலை. பூனை உடம்பு இந்த மாத்திரையத் தாங்காது, ரத்தத்தையே கெடுத்துரும். துளி குடுத்தாலும் விஷம்தான். நாய்க்கும் உங்க இஷ்டத்துக்குக் குடுக்காதீங்க."

ஊசி போட்டார், டியூப் வைத்தார். காலம் கடந்துவிட்டது என்பதையும் சொன்னார். மதியத்துக்கு முன் முடிந்துவிட்டது. கூடையை மூடித் தரும்போது, "வீட்ல சொல்லிருங்க. திட்டாதீங்க, ஆனா சொல்லிருங்க" என்றார்.

லில்லி கேட்டருகில் நின்றிருந்தாள். கூடை மூடியிருப்பதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "டாக்டர் என்ன சொன்னாவ?" என்றாள்.

"தொண்டைக்குள்ள குத்தியிருக்காம். தேனீ விஷம்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? கடலைமாவுக்காக ஒரு வருடம் படுத்தவள். உன் கையால் போயிற்று என்று இன்னொரு தரம் அவளிடம் யார் சொல்வது? அவளுக்காகத்தான் சொல்லவில்லை. ஆண்டவருக்குத் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

நாரத்தை மரத்தடியில் புதைத்தேன். லில்லி அழவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. டைகர் மண்ணை மோந்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான்.

மிச்சமிருந்த மாத்திரை அட்டையை அடுப்பில் போட்டேன். இனி இந்த வீட்டில் அது கிடையாது. அதோடு பேச்சு முடிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சோற்றில் கை வைத்துக்கொண்டே லில்லி சொன்னாள்: "அந்த ஈயள இனி எனக்க கண்ணுல காட்டாதிய."

"எத்தன வருசமா நமக்குச் சோறு போட்டதாக்கும் லில்லி."

"எனக்க பிள்ளயக் கொன்னதுக்க சோறு எனக்கு வேண்டாம்."

பதில் என் வாய் வரைக்கும் வந்தது. தேனீக்காக வாதாடினால் மாத்திரையைச் சொல்ல வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி என்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைப்பூச்சி நான்தான்.

மார்ச் 12, புதன்

பெட்டிகள் அத்தனையையும் ஆசீரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருந்தவை, தோட்டத்தில் இருந்தவை எல்லாம். ஆசீர் என்னிடம்தான் தேனீ வளர்ப்புப் படித்தான், இப்போது திற்பரப்புப் பக்கம் பெரிய ஆள்.

"சிகாமணி அண்ணே, சீசன் நடுவுல ஒருத்தன் பெட்டிய விடுவானா? ஒங்களுக்கு என்ன பைத்தியமா?"

"பூனய ஈ கொன்னுட்டுன்னு வீட்டுல வேண்டாங்கா."

"மைனிக்கிட்ட நான் பேசட்டா? பூன தேனீ குத்திச் சாவுமா அண்ணே? நம்ம ரெண்டு பேரும் எத்தன பூனயப் பாத்திருக்கோம்!"

"நீ ஒண்ணும் பேசாண்டாம்" என்று கத்திவிட்டேன். அவன் பயந்துபோனான்.

பொழுது சாய்ந்து தேனீ எல்லாம் உள்ளே அடைந்ததும் வாசல்களைத் துணியால் அடைத்து வண்டியில் ஏற்றினோம். பெட்டிக்குள்ளிருந்து இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கையை வைத்தேன், பலகை சூடாக இருந்தது. செய்யாத குற்றத்துக்கு ஊரைவிட்டுப் போகின்றன. வண்டி வளைவு திரும்பும்வரை நின்றேன். எனக்குத் தாங்கவில்லை. ரெஜி பள்ளிக்கூடம் போகும் முன்பே அந்தப் பெட்டிகள் இங்கே இருந்தன.

மார்ச் 13, வியாழன்

நேற்று வெளியே தங்கிவிட்ட கொஞ்சம் தேனீக்கள், பெட்டி வைத்திருந்த மரக்காலைச் சுற்றிச் சுற்றிப் பறக்கின்றன. பார்க்காமல் போய்விட்டேன்.

மார்ச் 17, திங்கள்

லில்லி இன்று எழவில்லை. சாயா இல்லை.

மார்ச் 19, புதன்

கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"வைகிப்போச்சுங்க."

"என்னது?"

"மாத்திரை. அத ஈ குத்தின ஒடனே குடுத்திருக்கணும். ஒங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சு, நீங்க எடுத்து, அதுக்குப் பெறகுதான குடுத்தேன். அதுக்குள்ள விஷம் ஏறிட்டு. நானா ஒடனே குடுத்திருந்தேன்னா உயிரோட கெடந்திருக்கும். ரெஜியிலயும் எனக்குப் புத்தி இல்ல, இதுலயும் இல்ல."

"அதனால இல்ல லில்லி" என்றேன்.

"பின்ன எதனால?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறக்கும்போது பக்கத்து வீட்டு ரீத்தா மைனி மரச்சீனிக் கிழங்கு கொண்டு உள்ளே வந்தாள். நல்லதாகப் போயிற்று. சொல்லியிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள்?

மார்ச் 22, சனி

மழை வரும் போல இருந்தது, வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ரப்பர் ஷீட் கடையில் பூனை குட்டி போட்டிருக்கிறது. ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். மஞ்சளும் கருப்புமாகப் புள்ளி, உள்ளங்கையளவு. லில்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்க கை ராசியில்லாத்த கை."

நான் அதைக் கட்டிலில் விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். படியில் உட்கார்ந்து டைகரின் காதில் உண்ணி பார்த்தேன். உள்ளே குட்டி கத்தியது, நின்றது, மறுபடி கத்தியது. பிறகு தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் லில்லி சாயா கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் சொல்லவில்லை, அப்படியே குடித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

குட்டிக்குக் கடுகு என்று பெயர். அளவும் அதுதான், காரமும் அதுதான். டைகரின் வாலைக் கடித்துவிட்டு லில்லியின் சேலைக்குள் ஒளிந்துகொள்கிறது. லில்லி இன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாள். மீன் கறி வைத்தாள்.

சந்தையில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தேங்காய்க் கடைப் பக்கம் திரும்பி நடந்துவிட்டேன். தேங்காய் வீட்டிலேயே கிடக்கிறது, இருந்தாலும் ஒன்று வாங்கினேன்.

வெயில் அதிகம். எங்கிருந்தோ தேனீக்கள் துணி துவைக்கும் கல்லில் தண்ணீர் குடிக்க வருகின்றன. லில்லி விளக்குமாற்றால் அடித்து விரட்டுகிறாள். எங்கள் வீட்டுத் தேனீயாகத்தான் இருக்கும், போகாமல் நின்றவை பக்கத்தில் எங்கேயாவது ஒண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஷீட் கடையில் வேலை இருக்கிறது என்று லில்லியிடம் சொல்லிவிட்டு ஆசீரின் தோட்டத்துக்குப் போனேன். என் பெட்டிகளை நானே திறந்தேன். கையில் ஒரு கொட்டு. இனித்தது என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டில் முள் குத்தியது என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றும் ஆசீரின் தோட்டத்தில்தான் இருந்தேன். காலையில் போன் அடித்தது, லில்லி. கையில் சட்டம் இருந்தது. எடுத்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பாள். எடுக்கவில்லை. ஒரே தடவைதான் அடித்தது. அப்புறம் அடிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் வீட்டுக்கு வந்தால் லில்லி வாசலிலேயே நிற்கிறாள். முகத்தில் ஒரு வெளிச்சம். அப்படி ஒரு முகத்தை நான் நாலு வருடமாகப் பார்த்ததில்லை.

"கடுகை ஈ குத்திட்டு, கேட்டியளா? துவைக்க கல்லுல, காலுல. ஒங்களுக்கு ஒரு மட்டம் அடிச்சேன், எடுக்கல்ல. நான் காத்து நிக்கல்ல. கொடுக்கத் தள்ளிட்டு, நம்ம வீட்டுல மாத்திரையக் காணோம், ரீத்தா மைனிக்க வீட்டுக்கு ஓடி ஒண்ணு வாங்கி, பாதியப் பொடிச்சுப் பாலுல கலக்கிக் குடுத்துட்டேன். இந்தத் தடவ வைகல்ல."

கடுகைத் தூக்கி உதட்டை விலக்கிப் பார்த்தேன். "என்ன, நல்லாத்தான கெடக்கு?" என்றாள். ஆட்டோ பிடித்தேன். "எதுக்கு ஆஸ்பத்திரி? மாத்திரதான் குடுத்தாச்சே" என்று கேட்டுக்கொண்டே அவளும் ஏறிவிட்டாள். இறங்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடுகு அவள் மடியில் இருந்தது. பாதி வழியில் எச்சில் வடிய ஆரம்பித்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். குட்டியின் ஈறைப் பார்த்தார். "மறுபடியும் மாத்திரையா?" என்றார். பிறகு லில்லியைப் பார்த்தார்.

"போன தடவை நீங்கதானேம்மா தெரியாமக் குடுத்தது? அப்பவே உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லி அனுப்புனேனே. பூனை செத்தது தேனீயால இல்ல, மாத்திரையாலன்னு. வீட்ல சொல்லலையாய்யா நீங்க?"

லில்லி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொடுக்கு ஏறிய இடத்தை. அங்கே வீக்கம்கூட இல்லை.

டாக்டரம்மா இந்த முறை நிறையப் பாடுபட்டார். உள்ளங்கையளவு உயிர், எவ்வளவு தாங்கும்? சாயங்காலம் மூச்சு நின்றுவிட்டது. லில்லி சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் நான் பேசிக்கொண்டே வந்தேன். உன்னை நினைத்துத்தான் சொல்லவில்லை என்றேன். நீ மறுபடி படுத்துவிடுவாய் என்று பயந்தேன் என்றேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து, கடுகைச் சிம்னிக்குப் பக்கத்தில் வைத்து மூடின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"போனுல குடு குடுன்னு சொன்னது நீங்க."

"ஆமா."

"டாக்டர்கிட்ட நான் குடுத்தேன்னு சொன்னிய."

"ஆமா லில்லி."

அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நான் அழுகிறாளா என்று பார்த்தேன், அழவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

"ரெஜி போன அன்னைக்கும் நான் அனுப்பினதாலதான் போனான்னு நாலு வருசமா கெடந்து சாவுதேன். அதுலயும் இப்பிடி எதாவது இருக்கா? எனக்குத் தெரியாத்தது?"

"இல்ல" என்றேன். "சத்தியமா அதுல ஒண்ணும் இல்ல லில்லி."

அது உண்மை. அதில் மறைக்க ஒன்றுமே இல்லை. கடலைமாவு, மழை, லாரி, அவ்வளவுதான்.

"சிம்னிக்கும் இப்பிடித்தான சொன்னிய" என்றாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. லில்லி அறையில் இருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது. நேற்று வெளியே வைத்த கஞ்சியை டைகர் தின்றுவிட்டான்.

கதவருகில் உட்கார்ந்து ரெஜியைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கதவு திறக்கவில்லை.

சாயா நானே போட்டேன். அவளுக்கும் ஒரு தம்ளர் கதவடியில் வைத்திருக்கிறேன். அதற்குள் ஒரு தேனீ விழுந்து கிடக்கிறது. வேறு ஊற்ற வேண்டும்.